வெண்கலக் கவசக் கெளுத்தி: ஒரே பெயரின் கீழ் எத்தனை மீன்கள்?

1858ஆம் ஆண்டு அமெரிக்க மீனியலாளர் தியோடர் கில், ட்ரினிடாட் தீவின் மேற்குப் பகுதியில் வாழும் நன்னீர் மீன்களைத் தொகுத்து நியூயார்க்கில் ஒரு கட்டுரை வெளியிட்டார். விரல் நீளமே உள்ள, வெண்கல நிறம் கொண்ட, உடலெங்கும் எலும்புத் தகடு போர்த்திய ஒரு சிறு கெளுத்தி அக்கட்டுரையில்தான் முதன்முதலாகப் பெயர் பெற்றது. கில் அதை ஹோப்லோசோமா பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் கோரிடோராஸ் ஏனியஸ் என்று மாற்றினர். 2024 முதல் அதன் பெயர் ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா. உலகெங்கும் மீன்தொட்டி வைத்திருப்போர் ‘பிரான்ஸ் கோரி’ என்று கேட்டு வாங்குவதும், ஆய்வகங்களில் மூச்சுவிடுதல், இனப்பெருக்கம், கூட்டு நடத்தை ஆகியவற்றுக்காகத் திரும்பத் திரும்ப ஆராயப்பட்டதும் இந்தப் பெயருக்குரிய மீன்தான். ஆனால் அந்த ஆய்வுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இது கில் கண்ட ட்ரினிடாட் மீனைப் பற்றியதா?’ என்று கேட்டால், பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்’ என்று சொல்வதற்கான சான்று நம் கையில் இல்லை. இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. நாம் எதை அறிந்திருக்கிறோம் என்பதையே இது கேள்விக்கு உள்ளாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மீனை முதலில் அருகில் சென்று பார்ப்போம். வளர்ந்த மீன் ஆறு, ஏழு சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. செதில் கிடையாது. பக்கவாட்டில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து வால்வரை செல்கின்றன. வாய் கீழ்நோக்கி இருக்கும். அதைச் சுற்றிக் குட்டையான மீசைகள். இரை தேடும்போது மணலுக்குள் கண்வரை முகத்தைப் புதைத்துக்கொள்ளும். நின்றிருக்கும் மீனைக் கொஞ்ச நேரம் கவனித்தால், விழி சட்டென்று கீழே உருண்டு மீண்டும் நிலைக்கு வருவதைக் காணலாம். இமையே இல்லாத மீன் கண் சிமிட்டுகிறதோ என்று தோன்றும். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் முன்முனையில் வலுவான முள் உண்டு. அச்சுறுத்தினால் அவை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். மார்புத் துடுப்பின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து நச்சும் கசியும். நெருக்கமாகப் பையில் அடைத்துக் கொண்டுவந்த மீன்கள் தங்கள் நச்சாலேயே செத்துப்போவதை மீன் வளர்ப்போர் நன்கு அறிவர். அடித்தரையில் அமைதியாக மேயும் இம்மீன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்ப்பரப்புக்கு அம்புபோல் பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டு திரும்பும். விழுங்கிய காற்று இரைப்பையைக் கடந்து பின்குடலை அடைகிறது. அங்கே குடற்சுவர் மிக மெல்லியது, இரத்த நுண்குழல்கள் அடர்ந்தது. ஆக்சிஜன் உறிஞ்சப்பட்டபின் மீதிக் காற்று மலவாய் வழியே குமிழாக வெளியேறும்.

இதன் பெயர் வேர்கொண்டிருக்கும் நிலம் ட்ரினிடாட். வடக்கு மலைத்தொடரின் தென்சரிவில் பிறக்கும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு கரோனி ஆறு மேற்கே பரியா வளைகுடாவில் கலக்கிறது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழியில் இத்தீவு வெனிசுவேலாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. அதனால்தான் இங்குள்ள ஓடை மீன்கள் பலவும் தென்னமெரிக்கப் பெருநிலத்து உறவினங்களாக இருக்கின்றன. தீவு மக்கள் நம் மீனைப் ‘புய்-புய்’ என்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மீனான கஸ்காடூராவுக்கு அங்கே இன்னும் பெரிய மதிப்பு. அதை உண்டவர் எங்கே போனாலும் கடைசியில் ட்ரினிடாடுக்கே திரும்புவார் என்பது நம்பிக்கை. மதராசிலிருந்து புலம்பெயர்ந்தவரின் மகனான நாவலாசிரியர் சாமுவேல் செல்வன் 1972இல் வெளியிட்ட நாவலின் தலைப்பே அந்த நம்பிக்கையிலிருந்து எடுத்ததுதான். கஸ்காடூரா சமையலுக்குப் போகிறது. புய்-புய் தொட்டிக்குப் போயிற்று.

கில்லுக்குப் பிறகு பெருநிலத்திலும் இதைப் போன்ற மீன்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. 1903இல் ஐகன்மனும் கென்னடியும் பராகுவேயிலிருந்து மைக்ரோப்ஸ் என்ற சிற்றினத்தை விவரித்தனர். 1911இல் இயரிங் வெனிசுவேலாவிலிருந்து வெனிசுவேலானஸ் என்பதை வெளியிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியக மாதிரிகளை வைத்துக் கோரிடோராஸ் பேரினம் முழுவதையும் சீர்செய்த ரீகன், 1912இல் பிரேசில் மீன் ஒன்றுக்கு மாக்ரோஸ்டியஸ் என்று பெயரிட்டார். 1940இல் ஹோலி, ஷுல்ட்சி என்ற பெயரைச் சேர்த்தார். இவை எல்லாமே பின்னாளில் ஏனியஸின் இணைப்பெயர்களாகக் கருதப்பட்டன. விளைவாக, ட்ரினிடாடில் தொடங்கி வெனிசுவேலா, கொலம்பியா, அமேசான் வடிநிலம் கடந்து லா பிளாட்டா வரை பரவிய ஒரே சிற்றினம் நூல்களில் உருவாயிற்று. வெண்கலப் பளபளப்பு, தலைக்குப் பின்னால் ஒரு மங்கலான கரும்பட்டை, உடலில் திட்டவட்டமான புள்ளியோ கோடோ இன்மை: இவையே அடையாளம். அடையாளங்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது வலையில் சிக்கும் புள்ளியற்ற மீன் எதையும் இப்பெயரில் சேர்த்துவிடலாம். அப்படித்தான் சேர்த்தார்கள்.

இந்தப் பெயர் தாங்க முடியாத பாரத்தைத் தாங்குகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை குரோமோசோம்கள். கோரிடோராஸ் என்று அழைக்கப்பட்டுவந்த மீன்களில் குரோமோசோம் எண்ணிக்கை, நாட்டெரெரி சிற்றினத்தில் 40 என்பதில் தொடங்கி 134 வரை செல்கிறது. 134 என்ற அந்த உச்சக் கணக்கு வந்தது ஏனியஸ் என்று பெயரிடப்பட்ட மீன்களிலிருந்துதான். ஏனியஸ் என்றே பெயரிடப்பட்ட வேறு மீன்களில் எண்ணியபோது 60 கிடைத்தது. 60 குரோமோசோம் உள்ள மீனும் 134 உள்ள மீனும் இணைந்து வளமான சந்ததியைத் தலைமுறை தலைமுறையாகத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. கோரிடோராஸ் மீன்கள் அடங்கிய துணைக்குடும்பத்தின் வரலாற்றில் மரபணுத்தொகுதி முழுவதும் இரட்டித்த நிகழ்வுகள் ஒன்றுக்கு மேல் நடந்துள்ளன என்பதை 2018இல் மார்பர்கரும் உடனாய்வாளர்களும் காட்டினர். இடம்பெயரும் மரபுக்கூறுகளின் பெருக்கமும் அதோடு சேர்ந்து மரபணுத்தொகுதியை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது. வெளித்தோற்றத்தில் அடையாளம் காணமுடியாத இரு மீன்கள் உள்ளே இவ்வளவு தொலைவில் நிற்கக்கூடும் என்பதை ஏற்றபின், ‘வெண்கல நிறம், புள்ளி இல்லை’ என்ற அடையாளத்தை ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் வைப்பதற்கு இன்னும் கூடுதலான நியாயம் வேண்டும்.

இப்போது ஆய்வுகளுக்கு வருவோம். 1980இல் கிராமரும் மெக்ளூரும் இம்மீனின் காற்றுச் சுவாசத்தை அளந்தனர். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போதும் மீன் மேலே வந்து காற்று விழுங்குவதை விடுவதில்லை, ஆக்சிஜன் குறையக் குறைய அந்தப் பயணங்கள் அடிக்கடி நிகழ்கின்றன என்பது அவர்கள் கண்டது. இந்த முடிவைப் பெயர்க் குழப்பம் அதிகம் பாதிக்காது. குடல்வழிச் சுவாசம், இம்மீன் சேர்ந்த கல்லிக்தியிடே குடும்பம் முழுவதற்கும் பொது. எந்தக் கிளையைச் சேர்ந்த மீனைத் தொட்டியில் விட்டிருந்தாலும் அந்தப் போக்கு தென்பட்டிருக்கும். எனினும் எவ்வளவு ஆக்சிஜனில் எத்தனை முறை என்ற எண்கள் வேறு. அவை மீனின் உடற்பருமன், செல் அளவு, வளர்சிதை வேகம் ஆகியவற்றைச் சார்ந்தவை. செல்லின் பருமனோ மரபணுத்தொகுதியின் பருமனோடு சேர்ந்து மாறுவது. 60 குரோமோசோம் மீனில் அளந்த எண்ணை 134 குரோமோசோம் மீனுக்கு அப்படியே எடுத்துச் செல்ல எனக்குத் துணிவில்லை.

1995இல் ஜப்பானின் மசனோரி கோதாவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இன்னும் நுட்பமானது. முட்டையிடும் நேரத்தில் பெண் மீன், ஆணின் வயிற்றுப்புறத்தில் வாயைப் பதித்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் இரு உடல்களும் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போல் அமையும். அதே கணத்தில் பெண் தன் இடுப்புத் துடுப்புகளை இணைத்து ஒரு பை போலாக்கி, அதில் சில முட்டைகளை மட்டும் வெளியிடும். பின் விலகி, இலையிலோ கல்லிலோ ஓர் இடத்தை வாயால் துப்புரவு செய்து, அந்த ஒட்டும் முட்டைகளை அங்கே பதித்துவிட்டு, மறுபடியும் ஆணிடம் வரும். விந்து முட்டையை எப்படி அடைகிறது என்பதே கேள்வி. வாயால் துப்புரவு செய்யும்போது விந்தைத் தடவுகிறதா? ஆணின் அருகே நீரில் கலந்து சேர்கிறதா? கோதா குழுவினர் நீலச் சாயத்தைப் பயன்படுத்திச் சோதித்தனர். பெண்ணின் வாயருகே செலுத்திய சாயம் சில நொடிகளில் மலவாய் வழியே துடுப்புப் பைக்குள் வந்து சேர்ந்தது. பெண் விந்தைக் குடிக்கிறது, அது செரிக்காமல் குடலைக் கடந்து முட்டையை அடைகிறது என்பதே அவர்கள் முடிவு.

இந்த முடிவு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. காற்றை விரைந்து கடத்தப் பழகிய குடல்தான் விந்தையும் கடத்துகிறது என்று கொண்டால், சுவாசத்துக்காக வந்த ஓர் அமைப்பு இனப்பெருக்கத்துக்கு வழி திறந்துவிட்டது என்ற அழகிய பரிணாமக் கதை பிறக்கிறது. ஆனால் அந்தக் கதையை எழுத வேண்டுமானால் ஒப்பிட வேண்டும். எந்தக் கிளையில் இப்பழக்கம் உண்டு, எதில் இல்லை, துணைக்குடும்பத்தின் மூதாதையிடம் இருந்ததா, பின்னால் வந்ததா? ஒப்பிடுவதற்கு முதலில் மரபு மரத்தில் எந்தக் கிளையின் நுனியில் இந்தத் தரவை வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ‘ஏனியஸ்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒரு கூட்டத்தை எந்த நுனியில் வைப்பது?

2019இல் இங்கிலாந்தில் ரைலியும் உடனாய்வாளர்களும் இம்மீன்களின் கூட்டு நடத்தையை ஆராய்ந்தனர். ஒன்றையொன்று மூக்கால், உடலால் தொட்டுத் தூண்டுவதன் மூலம் இவை தங்கள் அசைவுகளை ஒருங்கிணைக்கின்றன, முன்பின் பழகாத மீன்களும் இவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பது அவ்வாய்வின் சாரம். சோதனை மீன்கள் கடைகளில் வாங்கியவை. கடைக்கு மீன் அனுப்பும் பண்ணைக் குளத்தில், தீவனத்துக்காக ஒன்றையொன்று மோதி நெருக்கியபடி பல தலைமுறை வாழ்ந்த மீனுக்குத் தொடுதல் பற்றிய எதிர்வினை மாறியிருக்க வாய்ப்புண்டு. ஆய்வாளர்கள் மீனை எங்கே வாங்கினார்கள் என்பதை ஒளிக்காமல் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. பலர் அதையும் செய்வதில்லை. ஆயினும் தலைப்பில் நிற்பது கடையன்று, சிற்றினப் பெயர்தான். அடுத்துவரும் கட்டுரைகள் மேற்கோள் காட்டுவதும் அந்தப் பெயரைத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘ஆய்வக எலியும் காட்டு எலி இல்லையே, பண்ணை மீனை ஒரு மாதிரி உயிரியாக ஏற்பதில் என்ன தவறு?’ என்பர். தவறில்லை. ஆனால் ஆய்வக எலிக்கு வம்சாவளிப் பதிவு உண்டு. எந்தக் கிளை, எந்த ஆண்டு முதல் உள்ளினச் சேர்க்கை என்று சொல்ல முடியும். தென்கிழக்கு ஆசியப் பண்ணையிலிருந்தோ புளோரிடாவிலிருந்தோ ஏற்றுமதியாகி, சென்னைக் கொளத்தூர்க் கடைகள் வரை வந்து சேரும் வெண்கலக் கோரிக்கும் அதன் வெண்ணிற வகைக்கும் அப்படி ஒரு பதிவு கிடையாது. வெவ்வேறு ஆறுகளில் பிடித்த மீன்கள் ஒரே குளத்தில் பெருகியிருக்கலாம். பண்ணை மீனை மாதிரி உயிரியாக்க விரும்பினால், அதைப் பண்ணை இருப்பு என்றே அழைத்து, அதன் மரபணுவைப் பதிந்து வைப்பதே நேர்மை.

உருவ ஒற்றுமையை நம்பக்கூடாது என்பதற்கு இந்தத் துணைக்குடும்பம் தரும் சான்று மிக வலுவானது. 2011இல் அலெக்ஸாண்ட்ரூவும் உடனாய்வாளர்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒரே ஓடையில் ஒரே நிற அமைப்போடு கூடித் திரியும் கோரிடோராஸ் மீன்கள் பெரும்பாலும் வெவ்வேறு மரபுக் கிளைகளைச் சேர்ந்தவை என்று நிறுவியது. நச்சும் முள்ளும் உள்ள மீன்கள் எல்லாம் ஒரே எச்சரிக்கை உடையை அணிந்துகொண்டால், வேட்டை மீன் ஒருமுறை பாடம் கற்றாலே அனைத்துக்கும் பாதுகாப்பு. இதையே முல்லர் வகை ஒப்புருவாக்கம் என்கிறோம். அதே வேளையில், உணவுக்காகப் போட்டியிடாத அளவுக்கு அவற்றின் முக நீளமும் இரையும் வேறுபட்டிருப்பதை ஐசோடோப்பு அளவீடுகள் காட்டின. அதாவது, நெருங்கிய உறவில்லாதவை ஒன்றுபோல் தோன்றும்படி இயற்கைத் தேர்வே தூண்டிய குழு இது. இப்படிப்பட்ட குழுவில் நிறத்தை வைத்துச் சிற்றினத்தைத் தீர்மானிப்பது, வேட்டை மீன் ஏமாறும் இடத்திலேயே அறிவியலாளரும் ஏமாறுவதாகும்.

இந்த இடத்தில் கல்வித்துறைக்கு வெளியே உள்ளவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் டாட்ஸ் மீன்வளர்ப்பு இதழ் 1993 முதல், பெயரிடப்படாத கோரிடோராஸ் மீன்களுக்கு ‘சி’ எண் வழங்கத் தொடங்கியது. பின்னர் இயன் புல்லரும் ஹான்ஸ்-கியோர்க் எவர்ஸும் ‘சிடபிள்யூ’ எண் வரிசையைத் தொடங்கினர். பெருவிலிருந்து வந்த, முதுகோரம் பச்சைக் கோடு ஒளிரும் மீன் சிடபிள்யூ 9. ஆரஞ்சுக் கோடுள்ளது சிடபிள்யூ 10. இவற்றையும் ஒரு காலத்தில் ஏனியஸின் நிற வேறுபாடு என்று ஒதுக்கியிருப்பார்கள். வளர்ப்பவர்கள் அப்படி ஒதுக்கவில்லை. எந்த ஆற்றிலிருந்து வந்தது, எது எதோடு கலக்கக்கூடாது என்று கணக்கு வைத்தார்கள். ‘இன்னும் தெரியாது, ஆனால் இது வேறு’ என்று சொல்லும் ஓர் எண், தெரிந்தது போலக் காட்டும் லத்தீன் பெயரைவிட அறிவியலுக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன். எவர்ஸ் பின்னர் மீனியலாளர்களோடு சேர்ந்து புதிய சிற்றினங்களை விவரித்ததும் இதன் இயல்பான தொடர்ச்சிதான். 2023இல் டென்காட், கோமெஸ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, பெருவின் மாத்ரே தே தியோஸ் வடிநிலத்திலிருந்து மக்ளூரே என்ற புதிய சிற்றினத்தை விவரித்ததோடு, ஏனியஸ் என்றால் எது என்ற கேள்வியையும் நேரடியாக எடுத்துக்கொண்டது.

2024இல் டயாஸும் உடனாய்வாளர்களும் முன்வைத்த பெருந்திருத்தம், 200க்கு மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட இத்துணைக்குடும்பத்தை மரபுக் கிளைகளுக்கு ஏற்ப மறுபடியும் வகுத்தது. நீள்முக மீன்கள் மட்டும் கோரிடோராஸில் தங்கின. ஹோப்லிசோமா, புரோகிஸ், காஸ்ட்ரோடெர்மஸ், ஆஸ்டியோகாஸ்டர் ஆகிய பழைய பெயர்கள் உயிர்பெற்றன. நம் மீன் ஆஸ்டியோகாஸ்டருக்குப் போயிற்று. இத்திருத்தத்தை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். உறவு தெளிவாகத் தெரியும்போது பழகிய பெயருக்காக அதை மறைத்து வைப்பது முறையன்று. எனினும் இது பேரின அளவிலான தீர்வு. ஏனியஸ் என்ற பெயரின் கீழ்க் கிடக்கும் மீன்கள் எத்தனை சிற்றினம் என்ற வினாவை அது தொடாமல் விட்டிருக்கிறது. பழைய கட்டுரைகளில் ‘கோரிடோராஸ் ஏனியஸ்’ என்றிருக்கும் இடங்களில் எல்லாம் ‘ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா’ என்று மாற்றி எழுதும் வழக்கம் இப்போதே தொடங்கிவிட்டது. இது ஆபத்தானது. புதிய பெயர் துல்லியத்தின் தோற்றத்தைத் தருகிறது. அதன்கீழ் உள்ள தரவோ பழைய கலவையாகவே இருக்கிறது.

பாதுகாப்பு நோக்கிலும் இது முக்கியம். வெனிசுவேலாவிலிருந்து அர்ஜென்டினா வரை பரவிய மீன் என்றால் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஓர் ஓடை வற்றினாலும் இன்னொன்றில் இருக்கும் என்று சொல்லிவிடலாம். அதே மீன் உண்மையில் ஒவ்வொரு வடிநிலத்துக்கும் உரிய தனித்தனிச் சிற்றினங்களின் தொகுப்பு என்றால், ஒவ்வொன்றின் பரவலும் சுருங்கி, சுரங்கக் கழிவோ அணையோ ஒன்றை முழுமையாக அழித்துவிடக்கூடும். அழிந்ததும் பட்டியலில் எதுவும் குறையாது. பெயர் அப்படியே நிற்கும்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. இம்மீனை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும், குறைந்தது சில மீன்களையாவது பதப்படுத்தி ஓர் அருங்காட்சியகத்தில் எண்ணுடன் வைக்க வேண்டும். அவற்றிலிருந்து ஒரு மரபணுத் துண்டையாவது வரிசைப்படுத்திப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். மீன் வந்த வழியைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுத வேண்டும். காட்டில் பிடித்ததானால் எந்த ஓடை என்றும், கடையில் வாங்கியதானால் கடை மீன் என்றும். இதற்குப் பெரும் செலவு கிடையாது. இதழாசிரியர்கள் இதைக் கட்டாயமாக்கினால் சில ஆண்டுகளில் நிலைமை மாறும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கரோனி வடிநிலத்து ஓடைகளிலிருந்து முறையாக அனுமதி பெற்றுப் பிடித்த மீன்களில் குரோமோசோமை எண்ணி, சுவாசத்தை அளந்து, முட்டையிடும் நேரத்தில் கோதாவின் நீலச் சாயச் சோதனையைத் திரும்பச் செய்து, ஒவ்வொரு அளவுக்கும் எதிரே மாதிரி எண்ணை எழுதிவைப்பது. அந்த அட்டவணை அச்சேறிய பிறகு, பராகுவே மீனையும் பெரு மீனையும் கடை மீனையும் அதனருகே வைத்து ஒப்பிடலாம்.